மகள்களோடு வளர்ந்த சூரியக் கடிகாரம்

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க முடிவு செய்யும் பெற்றோர், ஒவ்வொரு வயதுக்கும் புதிய கருவி, புதிய பயிற்சி நூல், புதிய திட்டம் என்று தேடத் தொடங்குவது இயல்பு. எங்கள் வீட்டில் அதற்கு நேர்மாறான ஒரு வழி பயன் கொடுத்தது. பெரியவளுக்கு எட்டு வயதும் சின்னவளுக்கு ஐந்து வயதும் இருந்தபோது வெயிலில் நட்டு வைத்த ஒரு கம்பியை, பெரியவள் பதினைந்தைத் தொட்ட பிறகும் நாங்கள் கைவிடவில்லை. அது நிழல் அளக்கும் கோலாகத் தொடங்கி, திசை காணும் கருவியாகி, பிறகு முறையான சூரியக் கடிகாரமாக வளர்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் எதைக் கற்றார்கள், எதை நான் சொல்லாமல் காத்திருந்தேன், வேலையில் எங்கே கவனம் தேவைப்பட்டது என்பதை, இதைச் செய்ய விரும்பும் பிற பெற்றோருக்குப் பயன்படும் வகையில் எழுதி வைக்கிறேன்.

முதல் அமைப்பு மிக எளிமையானது. ஏறத்தாழ அரை மீட்டர் பக்க அளவுள்ள பிளைவுட் பலகையின் நடுவில் துளையிட்டு, வளையாத மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்தினோம். பலகையின் மட்டத்தை ரசமட்டத்தால் இரண்டு திசையிலும் சரிபார்த்தோம். கம்பியின் நேர்நிலையை, நூலில் கட்டித் தொங்கவிட்ட சிறு எடையை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். கம்பி ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் பின்னால் வரும் எல்லா அளவும் சாய்ந்துவிடும் என்பதால், இந்த வேலைக்கு மட்டும் அவசரம் காட்டக் கூடாது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டுமே பார்க்க வேண்டும் என்ற விதியைப் பலகையைத் தொடுவதற்கு முன்பே இருவரிடமும் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

அந்த வயதில் அவர்களிடம் நான் கேட்டது மணிக்கு ஒரு புள்ளி மட்டுமே. பெரியவள் நிழலின் நுனியில் புள்ளி வைத்து நேரத்தை எழுதுவாள். சின்னவள் அந்தப் புள்ளியிலிருந்து கம்பி வரை வண்ணக் கோடு இழுப்பாள். காலை, நண்பகல், மாலை என்ற சொற்களுக்குப் பலகையில் ஓர் இடம் இருப்பதைச் சின்னவள் கண்டுகொண்டது அப்போதுதான். பெரியவள் கண்டது வேறு. நிழல் மிகக் குட்டையாகும் நேரம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி அல்ல என்பதை அவள் கவனித்து, "அப்பா, நம்ம கடிகாரம் தப்பா, சூரியன் தப்பா?" என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. கேள்வியை அவள் சொன்ன சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதி, தேதியிட்டு, "பிறகு" என்று குறித்து வைத்தேன். அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க அவளுடைய பதினான்காம் வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்ததில் ஒரு நாள்கூட வீணாகவில்லை என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

குறிப்பேட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் படிப்பைப் பின்தொடர எனக்குத் தேர்வுத்தாள்களைவிட அதுவே அதிகம் உதவியது. ஓர் அவதானிப்புக்கு ஒரு பக்கம்: தேதி, நேரம், வானத்தின் நிலை, கம்பியின் உயரம், நிழலின் நீளம், அளந்தவர் யார் என்பவை மேலே, எழுந்த கேள்வி கீழே. என்ன பாடம் என்ற தலைப்பை முன்கூட்டியே எழுதுவதில்லை. மாத முடிவில் நான் தனியாக உட்கார்ந்து, அந்தப் பக்கங்களில் வடிவியல் எங்கே வந்தது, பின்னம் எங்கே வந்தது, எழுத்துப் பயிற்சி எங்கே வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறிப்பேன். வீட்டுக் கல்வியை அனுமதிக்கும் நாடுகளிலும் விதிகள் ஒன்றுபோல் இல்லை. சில இடங்களில் பிள்ளையின் பணிகளைத் தொகுத்து ஆண்டுதோறும் காட்ட வேண்டும், சில இடங்களில் தேர்வு எழுத வேண்டும். பணிகளைக் காட்ட வேண்டிய இடங்களில் இப்படிப்பட்ட குறிப்பேடு தயார் நிலையில் உள்ள சான்றாக அமையும்.

அளவுகள் கூடக் கூட ஒரு தொல்லை வெளிப்பட்டது. நிழலின் நுனி கூர்மையாக இல்லை. கருமையிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக் கரைந்தது. எந்த இடத்தில் புள்ளி வைப்பது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. சூரியன் ஒரு புள்ளி அன்று; நம் கண்ணுக்கு ஏறக்குறைய அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே எந்த நிழலுக்கும் ஓர் அரைநிழல் விளிம்பு உண்டு. அதன் அகலம், நிழலை விழச்செய்யும் பொருளிலிருந்து நிழல் விழும் இடம் வரையுள்ள தொலைவில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அரை மீட்டர் தொலைவுக்கு அது கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர். இதற்கு நல்ல தீர்வு, கம்பியின் உச்சியில் சிறு தகட்டு வட்டு ஒன்றைப் பொருத்தி அதன் நடுவில் மூன்று மில்லிமீட்டர் அளவில் துளையிடுவது. வட்டின் நிழலுக்கு நடுவே ஒளிப்பொட்டு ஒன்று விழும். காலையிலும் மாலையிலும் அது நீள்வட்டமாக இழுபட்டிருந்தாலும், அதன் மையத்தைக் கண் மிகச் சரியாகக் கண்டுபிடித்துவிடும். துளை, கம்பியின் அடிக்கு நேர் மேலே அமைய வேண்டும் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அதை மீண்டும் தூக்குநூலால் சரிபார்க்கலாம். பொட்டின் விளிம்பை நான்கு பக்கமும் பென்சிலால் தொட்டு, நடுவைக் கணித்துப் புள்ளி வைக்கச் சின்னவள் தானாகவே ஒரு முறையை உருவாக்கிக்கொண்டாள்; சராசரி என்ற கருத்தை அவள் முதலில் தொட்டது அந்த இடத்தில்தான்.

அடுத்த கட்டம் திசை. பெரியவள் கவராயமும் அளவுகோலும் கொண்டு செய்யும் வரைமுறைகளைக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. கோட்டுத்துண்டின் மையக் குத்துக்கோட்டை வரையத் தெரிந்திருந்தாள். ஆனால் அதனால் என்ன பயன் என்பது அவளுக்குப் புலப்படவில்லை. பலகையில் கம்பியின் அடியை மையமாகக் கொண்டு வெவ்வேறு ஆரங்களில் பல வட்டங்கள் வரையச் சொன்னேன். முற்பகலில் நிழல் குறுகிக்கொண்டே வரும்போது ஒளிப்பொட்டு ஒவ்வொரு வட்டத்தையும் கடந்து உள்ளே வரும். பிற்பகலில் நிழல் நீளும்போது அதே வட்டங்களைக் கடந்து வெளியே போகும். ஒரே வட்டத்தின் அந்த இரு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதன் மையக் குத்துக்கோடு வடக்கு தெற்குக் கோடு. ஒரே வட்டத்தை நம்பினால் பிற்பகலில் மேகம் வந்து வேலையைக் கெடுக்கக்கூடும் என்பதற்காகவே பல வட்டங்கள். நான்கு வட்டங்களின் நாண்களும் ஒன்றுக்கொன்று இணையாக அமைந்து, அவற்றின் குத்துக்கோடுகள் எல்லாம் கம்பியின் அடி வழியே ஒரே கோடாகச் சென்றதைப் பார்த்தபோது, நாணின் மையக் குத்துக்கோடு வட்ட மையத்தின் வழியே செல்லும் என்ற தேற்றத்தை அவளுக்கு நான் தனியாக விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவளே அதை நிறுவி எழுதினாள். ஜூன், டிசம்பர் மாதங்களின் பிற்பாதியில் இதைச் செய்வது நல்லது. அந்த நாள்களில் சூரியனின் வடக்கு தெற்கு நகர்வு மிகக் குறைவு. மார்ச், செப்டம்பர் மாதங்களில் அந்த நகர்வு நாளொன்றுக்கு 0.4 பாகை அளவுக்கு இருப்பதால், காலைப் புள்ளிக்கும் மாலைப் புள்ளிக்கும் இடையே சிறு பிழை நுழையும்.

வரைந்து முடித்ததும் சின்னவள் திசைகாட்டியைக் கொண்டுவந்து கோட்டின் மேல் வைத்தாள். ஊசி கோட்டோடு ஒன்றவில்லை. கோடு தவறு என்று அவள் முடிவு செய்தாள்; பெரியவள் ஊசி தவறு என்றாள். காந்த வடக்கும் புவியின் அச்சு காட்டும் வடக்கும் வேறு என்பதையும், அந்த வேறுபாடு இடத்துக்கு இடம் மட்டுமன்றி ஆண்டுக்கு ஆண்டும் மாறும் என்பதையும் அன்று பேசினோம். திசைகாட்டியைக் கட்டடத்திலிருந்து தள்ளி எடுத்துச் சென்றபோது ஊசி மேலும் கொஞ்சம் திரும்பியதால், சுவருக்குள் உள்ள இரும்பைப் பற்றியும் பேச நேர்ந்தது.

மழையும் வெயிலும் பட்டுப் பலகை ஓரங்களில் பிரிந்து, நடுவில் உப்பத் தொடங்கியது. வார்னிஷ் பூசியும் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கவில்லை. நிலையாக வெளியில் வைக்க வேண்டுமென்றால் தட்டையான கல் பலகையே சரி என்று தீர்மானித்தோம். பழைய பலகையின் கோடுகளை எல்லாம் பெரிய தாளில் படியெடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, கல்லின் மேல் உண்மையான சூரியக் கடிகாரத்தை அமைக்கும் வேலையில் இறங்கினோம். பெரியவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முக்கோணவியலின் வாசலில் நின்றிருந்தாள்.

செங்குத்தான கம்பி ஏன் நல்ல கடிகாரம் ஆகாது என்பதற்கு அவர்களுடைய குறிப்பேடே சான்று. ஒரே மணிக்குரிய நிழல், மாதத்துக்கு மாதம் வேறு திசையில் விழுந்திருந்தது. நிழல் தரும் விளிம்பு புவியின் அச்சுக்கு இணையாக இருந்தால் மட்டுமே ஒரு மணிக்குரிய நிழல் ஆண்டு முழுவதும் ஒரே கோட்டில் விழும். அதற்கு அந்த விளிம்பைக் கிடைத்தளத்திலிருந்து ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்த்து, வடக்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் அதன் உயர்ந்த முனையை மெய் வடக்கு நோக்கியும், தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் மெய் தெற்கு நோக்கியும் வைக்க வேண்டும். அட்சரேகையை வரைபடத்திலிருந்து எடுக்காமல் தாங்களே அளக்க வேண்டும் என்று மகள்கள் விரும்பியதால், சம பகலிரவு நாளுக்காகக் காத்திருந்தோம். அன்று நண்பகலில் நிழலின் நீளத்தைக் கம்பியின் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது அட்சரேகையின் டேன்ஜெண்ட் என்ற முக்கோணவியல் விகிதம். வரைபடம் சொன்ன எண்ணோடு அவர்களுடைய விடை நெருங்கி வந்தபோது வீட்டில் இருந்த மகிழ்ச்சியை எந்த மதிப்பெண்ணும் தந்திருக்காது.

இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுக்கவில்லை. சின்னவள் செய்தது நடுவரைக் கடிகாரம்: வட்டப் பலகையின் மையத்தில் இருபுறமும் நீளும் கம்பி, அந்தக் கம்பி புவி அச்சுக்கு இணை, பலகை நடுவரைத் தளத்துக்கு, அதாவது புவி நடுக்கோடு அமைந்த தளத்துக்கு இணை. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், பாகைமானியால் 15 பாகைக்கு ஒரு கோடு வரைந்தால் போதும். ஒன்பது வயதுப் பிள்ளை முழுவதும் தானே செய்யலாம். மார்ச் முதல் செப்டம்பர் வரை பலகையின் ஒரு முகத்திலும், மற்ற ஆறு மாதங்கள் மறு முகத்திலும் வெயில் படுவதால் இரு முகங்களிலும் கோடுகள் தேவை. இரண்டாம் முகத்தில் மணிகள் எதிர்த்திசையில் ஓடும் என்பதை அவள் ஒரு கண்ணாடியின் முன் பலகையைப் பிடித்துக் கண்டுகொண்டாள். சம பகலிரவு நாளில் வெயில் விளிம்பை மட்டும் உரசிச் செல்லும். அன்று அந்தக் கடிகாரம் மணி காட்டாது.

பெரியவள் செய்தது கிடைத்தளக் கடிகாரம். இதில் கோடுகளின் இடைவெளி சமமன்று. நண்பகல் கோட்டிலிருந்து ஒவ்வொரு மணிக்கோடும் விலகும் கோணத்தின் டேன்ஜெண்ட், அட்சரேகையின் சைன் மதிப்பையும் மணிக்கோணத்தின் (நண்பகலிலிருந்து மணிக்கு 15 பாகை வீதம் எண்ணும் கோணம்) டேன்ஜெண்ட்டையும் பெருக்கினால் கிடைக்கும். முதலில் 30 பாகை அட்சரேகையை எடுத்துப் பயிற்சி செய்யச் சொன்னேன். அதன் சைன் சரியாக அரை என்பதால் கணக்கு கண்ணுக்குத் தெரியும். நண்பகலுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் 7.6 பாகை, இரண்டு மணிக்கு 16.1, மூன்று மணிக்கு 26.6, நான்கு மணிக்கு 40.9, ஐந்து மணிக்கு 61.8, ஆறு மணிக்குச் சரியாக 90. நண்பகல் அருகே கோடுகள் நெருங்கியும் காலை மாலைகளில் அகன்றும் இருப்பதை அவள் முதலில் எண்களிலும் பிறகு கல்லிலும் பார்த்தாள். அட்சரேகை குறையக் குறைய இந்த நெருக்கம் கூடும். 10 பாகை அட்சரேகையில் முதல் மணிக்கோடு 2.7 பாகை மட்டுமே விலகும். புவி நடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர்கள் கிடைத்தளக் கடிகாரத்தில் நேரத்தைச் செலவிடாமல் நடுவரைக் கடிகாரத்தையே செய்வது நல்லது என்பது என் கருத்து.

நிழல் தரும் முக்கோணத்தை அலுமினியத் தகட்டில் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து நேராக்கினோம். தகட்டின் தடிமனை அலட்சியப்படுத்தக் கூடாது. முற்பகலில் நிழலின் ஓரத்தை வரைவது தகட்டின் மேற்கு விளிம்பு, பிற்பகலில் கிழக்கு விளிம்பு. ஆகவே முகத்தை நண்பகல் கோட்டில் இரண்டாகப் பிளந்து, தகட்டின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட்டு, காலைக் கோடுகளை ஒரு மையத்திலிருந்தும் மாலைக் கோடுகளை மற்றொரு மையத்திலிருந்தும் வரைய வேண்டும். தகட்டை எபாக்சி பசையால் ஒட்டி, அது இறுகும்வரை இருபுறமும் மூலைமட்டத்தைச் சாய்த்துத் தாங்கல் கொடுத்தோம். வெட்டும் வேலையும் துளையிடும் வேலையும் பாதுகாப்புக் கண்ணாடியுடன் என் கையால் நடந்தன. அளவிடுவதும் குறியிடுவதும் முழுக்க அவர்களுடையவை.

இரண்டு கடிகாரங்களையும் அருகருகே வைத்தபோது, சமமான கோடுகள் கொண்ட தங்கையின் பலகையும் சமமற்ற கோடுகள் கொண்ட அக்காவின் கல்லும் ஒரே மணியைக் காட்டின. சின்னவளுக்குச் சூத்திரத்தின் மேல் ஆர்வம் இல்லை. அவள் கை வேலையிலும் எழுத்திலும் ஈடுபாடு கொண்டவள். அதை மாற்ற நான் முயலவில்லை. தன் கடிகாரத்தை வேறொருவர் செய்துபார்க்கும்படி வழிமுறை எழுதச் சொன்னேன். எழுதியதை அக்காவிடம் கொடுத்து, எழுதியபடி மட்டும் செய்யவேண்டும், ஊகிக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் அட்டையில் செய்ய வைத்தோம். "கம்பியைச் சாய்த்து வை" என்ற வரியில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்: எந்தப் பக்கம், எவ்வளவு, எதிலிருந்து அளப்பது? சின்னவள் அந்த வரியை மூன்று வாக்கியங்களாக விரித்து எழுதினாள். அவளுடைய உரைநடை தெளிவடையத் தொடங்கியதை அந்தத் தாள்களில் தேதிவாரியாகக் காணலாம்.

இனிப் பழைய கேள்வி. பெரியவளுக்குப் பதினான்கு வயதானபோது, சூரியக் கடிகாரத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை வாரந்தோறும் நண்பகலில் குறித்து வரைபடத்தாளில் புள்ளியிடத் தொடங்கினாள். வேறுபாட்டின் ஒரு பகுதி மாறாதது: நேர வலயத்தின் அடிப்படைத் தீர்க்கரேகையிலிருந்து ஊர் எத்தனை பாகை விலகியுள்ளதோ, பாகைக்கு நான்கு நிமிடம். அதைக் கழித்த பிறகும் வளைகோடு ஒன்று எஞ்சியது. நவம்பர் தொடக்கத்தில் சூரியக் கடிகாரம் ஏறக்குறைய 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் ஏறக்குறைய 14 நிமிடம் பிந்தியும் நின்றது. ஏப்ரல் நடு, ஜூன் நடு, செப்டம்பர் தொடக்கம், டிசம்பர் இறுதி ஆகிய நான்கு சமயங்களில் சுழியைத் தொட்டது. கோடு முழுமையாகும்வரை, எஞ்சிய இந்த வேறுபாட்டுக்குரிய காலச் சமன்பாடு என்ற பெயரைக்கூட நான் சொல்லவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து காரணங்களைப் பிரித்தோம். ஜனவரித் தொடக்கத்தில் புவி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கும்போது வேகமாகவும், ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டரில் இருக்கும்போது மெதுவாகவும் செல்கிறது. 1609இல் வானியலாளர் கெப்ளர் வெளியிட்ட விதி இதுவே. புவி அச்சின் 23.4 பாகைச் சாய்வு இரண்டாம் காரணம். முதலாவது ஆண்டுக்கு ஒரு முறையும் இரண்டாவது ஆண்டுக்கு இரு முறையும் ஏறி இறங்கும் இரு அலைகள் என்றும், இரண்டின் கூட்டுத்தொகையே தன் வளைகோடு என்றும் அவளே வரைந்து காட்டினாள். எட்டு வயதில் அவள் கேட்ட பக்கத்தைத் திறந்து அவளிடம் கொடுத்தேன். "ரெண்டும் தப்பு இல்ல" என்று அதன் கீழ் எழுதினாள்.

இதைச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடுகளில் இருப்பவர்கள், ஆண்டு முழுவதும் மாறாத நேரத்தையே பதிவு செய்ய வேண்டும், இல்லையெனில் வளைகோடு நடுவில் உடையும்.

தொலைவில் வசிக்கும், வீட்டுக் கல்வி முறையையே பின்பற்றும் மற்றொரு குடும்பத்துடன் சேர்ந்து புவியின் சுற்றளவையும் கணக்கிட்டோம். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ், எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவிலும் சையீனிலும் (இன்றைய அஸ்வான்) நண்பகல் வெயிலின் கோண வேறுபாடு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கொண்டு, அவற்றுக்கு இடையிலான 5000 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு) தொலைவை ஐம்பதால் பெருக்கினார். ஒரே நாளில் அவரவர் ஊரின் நண்பகலில் அளந்தால் போதும் என்பதால் இரு குடும்பங்களும் ஒரே நொடியில் அளக்க வேண்டியதில்லை. சாலை வழித் தொலைவைப் பெருக்கியபோது விடை மிகப் பெரிதாக வந்தது. வடக்கு தெற்குத் தொலைவை மட்டுமே எடுக்க வேண்டும் என்று பெரியவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், இரு ஊர்களுக்கும் இடையே சில பாகைகளாவது இருந்தால்தான் அளவுப் பிழை விடையை விழுங்காமல் இருக்கும்.

இப்போது இருவரும் செங்குத்துச் சுவரில் ஒரு கடிகாரம் அமைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்தச் சுவர் எந்த முதன்மைத் திசையையும் நேராக நோக்கவில்லை. எனவே மணிக்கோடுகள் நண்பகல் கோட்டின் இருபுறமும் ஒத்திருக்காது. சுவரின் விலகலைக் கண்டுபிடிக்க, சிறு பலகை ஒன்றைச் சுவரோடு ஒட்டிக் கிடையாக வைத்து, தூக்குநூலின் நண்பகல் நிழலை அதில் கோடாக வரைந்து, அந்தக் கோட்டுக்கும் சுவருக்குச் செங்குத்தான கோட்டுக்கும் உள்ள கோணத்தை அளக்க வேண்டும். நண்பகல் எந்த நிமிடத்தில் வரும் என்பதை அன்றைய சூரிய உதய நேரத்தையும் மறைவு நேரத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் பெறலாம். கணக்கைப் பெரியவளும், சுவரில் பதிக்க வேண்டிய படிவத்தைச் சின்னவளும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வழிமுறையை இம்முறை அக்கா எழுத, தங்கை சோதிக்க வேண்டும் என்பது சின்னவள் வைத்த நிபந்தனை.